ஐந்தாம் நம்பர் பூட்ஸும் ஆறாம் நம்பர் காலும்

சப்பாத்துக் கடைக்கு வருகிறவர்கள் தங்கள் ஊரைச் சொல்வார்கள், பிள்ளைகளின் குறையைச் சொல்வார்கள், காலின் சரியான அளவை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

பதுளை டவுனில் ஒரு கடையில் நான் இந்த வேலையைச் செய்கிறேன். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. முகம் பார்த்துப் பேச எனக்குக் கூச்சம். குட்டி முக்காலியில் உட்கார்ந்துவிட்டால் காலைப் பார்த்தே பேசி முடித்துவிடலாம், அதனால் இந்த வேலையில் நிலைத்துவிட்டேன். எத்தனை ஜோடி வந்தது, எத்தனை ஜோடி போனது என்ற கணக்கு எப்போதும் மனதில் இருக்கும். அதோடு சேர்ந்து இன்னொரு கணக்கும் ஓடுகிறது: நகம் சதைக்குள் ஏறிய கட்டைவிரல்கள். மழைக்காலம் வந்தால் அந்தக் கணக்கு ஏறும். என்னைப் போல முக்காலியில் உட்கார்ந்தவர்களுக்கும், போர்வை பட்டாலே விரல் துடித்து விழித்துக் கிடந்தவர்களுக்கும் நான் சொல்வது புரியும்.

குச்சி அளவு

தேயிலைத் தோட்டங்களிலிருந்து பூட்ஸ் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் காலைக் கொண்டுவருவதில்லை. கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு டவுனுக்கு வர நேரம் ஏது. புருஷனோ அண்ணனோ வருவார். கையில் ஒரு விளக்குமாற்றுக் குச்சி இருக்கும். குதிகாலிலிருந்து கட்டைவிரல் நுனி வரை வைத்து வெட்டிய குச்சி. அதைப் பூட்ஸுக்குள் விட்டுப் பார்ப்பார்கள். உள்ளே படுத்தால் அளவு சரி. குச்சிக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது. சின்ன வயதில் வெறுங்காலோடு மலை ஏறிய கால்கள் முன்பக்கம் விசிறி மாதிரி விரிந்திருக்கும். அந்த அகலத்தை எந்தக் குச்சியும் சொல்லாது.

சவரிமுத்துவும் அப்படித்தான் வந்தார். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் குடியிருப்பவர், இங்கே மார்க்கட்டில் மூட்டை தூக்குகிறார். மனைவி ரீத்தாதான் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தவர். ரீத்தா மலைக்கு வேலைக்குப் போவது நின்றால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டை விடச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் அந்தக் குடும்பத்துக்கு எப்போதும் உண்டு. அதனால் ரீத்தாவின் கால் அந்த வீட்டுக்கு ஒரு தூண் மாதிரி.

குச்சியை வாங்கிப் பார்த்தேன். ஒரு முனை கத்தியால் வெட்டியது. மறுமுனை நார் பிரிந்து வெள்ளையாக இருந்தது. பஸ் நெரிசலில் சட்டைப் பையிலேயே உடைந்திருக்கிறது. "தம்பி, இது வழியில ஒடிஞ்சிருக்கு. ஆறாம் நம்பர் எடுங்க. இல்லாட்டி ஞாயித்துக்கிழமை அவங்களையே கூட்டிட்டு வாங்க" என்றேன். அவர் குச்சியைத் திரும்ப வாங்கி ஐந்தாம் நம்பருக்குள் விட்டார். அது அழகாகப் படுத்துக்கொண்டது. நான் ஆறாம் நம்பரை எடுத்து முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவே இல்லை.

"ஆறு ஆம்பள நம்பருண்ணே. பொம்பளைக்கு ஆறு வாங்கிட்டுப் போனா லயமே சிரிக்கும்."

எலுமிச்சங்காய்

தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கி ஓய்வு பெற்ற கங்காணி ஒருவர் வந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குதிகாலால் நடந்து வந்தார். இடது கட்டைவிரலில் ஒரு எலுமிச்சங்காய் செருகியிருந்தது. மேலே துணி சுற்றி நூலால் கட்டியிருந்தார். கை விரலில் நகச்சுற்று வந்தால் எலுமிச்சங்காய் செருகுவது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அதையே கால் நகத்துக்கும் செய்துவிட்டு, அதன் மேல் போட ஒரு சப்பாத்து வேண்டும் என்று வந்திருக்கிறார். பேத்திக்குச் சடங்காம். செருப்போடு போனால் சம்பந்தி வீட்டார் மதிக்க மாட்டார்களாம்.

"ஐயா, இது நகச்சுத்து இல்லைங்க. நகத்தோட ஓரம் சதைக்குள்ள முள்ளு மாதிரி குத்திக்கிட்டு நிக்குது. காயைச் செருகினா அந்த முள்ளு வெளிய வராது. இளஞ்சூட்டுத் தண்ணியில உப்புப் போட்டுக் காலை ஊற வைங்க, நல்லாத் துடைச்சுக் காய விடுங்க. சீழ் வச்சிருந்தா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். அவர் மிகுந்த மரியாதையோடு தலையாட்டிக் கேட்டார். பிறகு காயோடு சேர்த்து நுழைகிற நம்பர் வரும்வரை ஒவ்வொரு பெட்டியாகத் திறக்கச் சொன்னார். வலது கால் அந்தச் சப்பாத்துக்குள் தனியாக நடந்துகொண்டிருந்தது. தொளதொளத்த சப்பாத்தும் நகத்துக்கு ஆகாது, இறக்கத்தில் கால் முன்னால் சறுக்கி நகம் முட்டும் என்றும் சொன்னேன்.

"சடங்கு முடியிறவரைக்கும் காய் இருக்கட்டும் தம்பி, அப்பறம் காயை எடுத்துட்டு வர்றேன், நீங்க சின்னதா ஒரு ஜோடி மாத்திக் குடுத்துருங்க."

சேறு

மழை தொடங்கிய பிறகு சவரிமுத்து பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். ரீத்தாவுக்கு இடது கட்டைவிரலில் வலி. இறக்கத்தில் கூடை கனத்தோடு இறங்கும்போது விரல் முன்னால் போய் இடிக்கிறதாம். நகத்தின் ஓரம் சிவந்து வீங்கி, இரவில் தெறிக்கிறதாம். "பிளேடால மூலையை நல்லா உள்ளாற வரைக்கும் வெட்டி விட்டுட்டா. அப்ப சுகமாத்தான் இருந்துச்சு. மறுபடியும் வந்துருச்சு" என்றார்.

அதுதான் எல்லோரும் செய்கிற தவறு. மூலையை வளைத்து ஆழமாக வெட்டினால் சதை அந்த இடத்தில் மேலே ஏறிவிடும். வளர்ந்து வருகிற நகத்துக்குப் போக வழி இருக்காது, சதைக்குள்தான் போகும். நகத்தை நேராக வெட்ட வேண்டும், ஒட்ட வெட்டக் கூடாது, மூலையைத் தோண்டவே கூடாது. இதைச் சொல்லிவிட்டு, ஆறாம் நம்பர் பூட்ஸை இறக்கிக்கொண்டு முதலாளியிடம் போனேன். மாற்றிக் கொடுத்துவிடலாம் என்றேன். அவர் மேசையை விட்டு எழும்பவில்லை. பையிலிருந்த பூட்ஸின் அடியைத் திருப்பிப் பார்த்தார். பள்ளங்களில் மலை மண் காய்ந்து இறுகியிருந்தது. சவரிமுத்து ஒரு குச்சியை எடுத்து அந்த மண்ணைத் தோண்டத் தொடங்கினார். முதலாளி கோபப்படவில்லை. வழக்கம் போலச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"மலையில கால் வச்ச பூட்ஸ் கட்டிக்குடுத்த பொண்ணு மாதிரி, பொறந்த வீட்டுக்கு விருந்துக்கு வரலாம், திரும்பி வர ஏலாது."

சிரிக்கிற வேலை

அப்புத்தளையில் ஒரு ஹோட்டல் வாசலில் நிற்கிற இளைஞர் ஒருவர் எங்கள் கடைக்கு வருவார். வெள்ளைக்காரர்களுக்குக் கதவு திறந்து, பனியில் நனைந்த பெட்டிகளைத் தூக்கி உள்ளே வைப்பது வேலை. முன்பக்கம் கூராகப் போகிற கறுப்புச் சப்பாத்துத்தான் போட வேண்டுமாம். அவர் காலுறையைக் கழற்றியபோது அது விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு கட்டைவிரல்களிலும் நகத்தின் நடுவில் ஆங்கில எழுத்து வி மாதிரி வெட்டியிருந்தார். நடுவில் வெட்டினால் நகம் நடுப்பக்கம் ஒடுங்கி ஓரம் விட்டுக்கொடுக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நகம் வேரிலிருந்து வளர்கிறது. நுனியில் செய்த வெட்டு அதற்குத் தெரியாது.

முன்பக்கம் அகலமான சப்பாத்து ஒன்றைப் போட்டுவிட்டேன். எழுந்து நின்றார். அந்த முகத்தில் வந்த நிம்மதியை, பழக்கம் இல்லாமல் நானும் நிமிர்ந்து பார்த்துவிட்டேன். கடைக்குள் இரண்டு சுற்று நடந்தார். பிறகு உட்கார்ந்து அதைக் கழற்றி, கூர்ச் சப்பாத்திலேயே இன்னொரு ஜோடி கேட்டார். காலைப் பற்றி மனேஜரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"சொன்னேன் அங்கிள், காலை யாரும் பாக்க மாட்டாங்க, நீ மூஞ்சியைச் சரியா வச்சுக்கன்னு சொன்னாரு."

அட்டை

தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ரீத்தாவே வந்தார். அந்தக் காலை நான் முதன்முதலாக அன்றைக்குத்தான் பார்த்தேன். அளவுப் பலகையில் வைத்தேன், ஆறு. அகலம் அதற்கும் மேலே. கட்டைவிரலின் உட்பக்கத்தில், இரண்டாவது விரலோடு உரசுகிற ஓரத்தில், சதை ஒரு சிவப்புப் பட்டாணி மாதிரி நகத்தின் மேல் ஏறி நின்றது. அதைச் சுற்றி நிறம் மாறியிருந்தது. வாடை இருந்தது. சீனி வருத்தத்துக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, மாத்திரை எடுப்பதாகவும், மாத்திரை முடிந்தால் அடுத்த கிளினிக் வரை சும்மா இருந்துவிடுவதாகவும் சொன்னார்.

நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதற்கு மேல் வீட்டு வைத்தியம் கிடையாது. நாளைக் காலையில் பெரட்டில் பேர் கூப்பிடும்போது நிற்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போனால் வார்டில் படுக்க வைத்துவிடுவார்கள் என்றார். நான் பெட்டி வெட்டுகிற கத்தியை எடுத்தேன். பூட்ஸின் முன்பக்கத்தில், கட்டைவிரல் இருக்கிற இடத்தில், ஒரு ஜன்னல் வெட்டித் தருகிறேன், விரல் மேல் அழுத்தமாவது குறையும் என்றேன். அவர் பூட்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஓட்டை போட்டா அட்டை ஏறும்ண்ணே. அந்த மலை பூரா அட்டை. இந்தப் புண்ணு வாசத்துக்கு வரிசையா வரும்." நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் எங்களிடம் வெள்ளைச் சப்பாத்து வாங்குவார். சீனி உள்ளவர்களுக்குப் புண் இருக்கும்போதே வலி நின்றுவிட்டால் அப்போதுதான் பயப்பட வேண்டும், நரம்பு செத்துப்போகிறது என்று அவர் ஒரு தடவை சொல்லியிருந்தார். எனக்கு அது ஞாபகம் வந்து, இப்போது வலி எப்படி இருக்கிறது என்று ரீத்தாவிடம் கேட்டேன். அவர் காலுறையை மாட்டிக்கொண்டே சிரித்தார்.

"வலி சுத்தமா விட்டுப்போச்சுண்ணே, உங்க பூட்ஸ் இப்பத்தான் காலுக்குப் பழகியிருக்கு."

உட்கார்ந்த வேலை

அந்த வாரமே சவரிமுத்துவை மார்க்கட்டில் தேடிப் பிடித்தேன். மூட்டைகளுக்கு நடுவே போய் இப்படி ஒருவரிடம் பேசுவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். மனைவியின் காலைச் சும்மா விடாதீர்கள், விரலோடு போகாது என்று சொன்னேன். அவருக்கும் பயம் வந்துதான் இருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். மருந்துக்கார ஐயா மருந்து வைத்துக் கட்டி, பதுளைக்குப் போகச் சொல்லியிருக்கிறார். அதுவரை கூடை சுமக்க வேண்டாம், லேசான வேலை கொடுங்கள் என்று துண்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

துண்டைப் பார்த்ததும் ரீத்தாவின் மலைக் கங்காணி மறுக்கவில்லை. கொழுந்து மலையிலிருந்து எடுத்து, புல்லு வெட்டுக்குப் போட்டுவிட்டார். புல்லு வெட்டு என்றால் சரிவில் குந்தி உட்கார்ந்து செய்கிற வேலை. உடம்பின் பாரம் முழுவதும் காலின் முன்பக்கத்துக்கு வரும். பூட்ஸ் மடிந்து விரல்களை நெரிக்கும். கூடையோடு நிற்கும்போது கிடைக்கிற தயவுகூட அதில் கிடையாது. சவரிமுத்து போய் இதைச் சொல்லியிருக்கிறார். துண்டில் எழுதியபடிதான் செய்திருக்கிறேன் என்றாராம் கங்காணி.

"ஒக்காந்து செய்ற வேலைதானே, அதுல காலுக்கு என்னப்பா வேல?"

நல்ல கால்

உயிர்த்த ஞாயிறு கழிந்த மறுநாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கடைக்கு வந்தார்கள். ரீத்தாவுக்குக் காய்ச்சல். முந்தின நாள் கோயிலிலேயே மயங்கி விழுந்திருக்கிறார். பூட்ஸ் போட முடியவில்லை, பாதம் கணுக்கால் வரை வீங்கிவிட்டது. பெரிய செருப்பு ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். கடையில் இருந்ததிலேயே பெரிய ஆண்கள் செருப்பை எடுத்து, பட்டையைத் தளர்த்தி மாட்டிவிட்டேன். கட்டுத் துணிக்கு வெளியே தெரிந்த விரல் நுனி கறுத்திருந்தது.

நாற்காலியில் சாய்ந்து கிடந்தபடியே ரீத்தா ஒரு கதை சொன்னார். பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்தது போல, தோட்டத்துக் கோயிலில் சாமியார் பாதம் கழுவிவிடுகிற பன்னிரண்டு பேரில் இவரையும் சேர்த்திருந்தார்கள். வருடம் முழுவதும் யார் கண்ணிலும் படாத கால்களுக்கு அன்றைக்கு ஒரு நாள் மரியாதை. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் காலைக் காட்ட வேண்டும், காட்டினால் கங்காணியோடு நின்ற விஷயம் தோட்டம் முழுக்கப் பரவும், வேலைக்கு ஆகாதவள் என்று பேராகிவிடும். அதனால் பெஞ்சில் மற்றவர்களோடு உட்கார்ந்துவிட்டார். சாமியார் செம்போடு வரிசையாக வந்தார். பாதத்தில் தண்ணீர் ஊற்றினார், துண்டால் ஒற்றி, குனிந்து முத்தமும் கொடுத்தார்.

பார்த்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாரே, அவர் கேட்கவில்லையா என்றேன். சவரிமுத்து வெளியே திரீவீல் வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டார். ரீத்தா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"சாமி ஒரு காலைத்தானே கழுவுவாரு, நான் நல்ல காலை நீட்டிட்டேன்."

ஆள் குறைவு

கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். பாதத்தைக் காப்பாற்றியதே பெரிய விஷயம் என்று டாக்டர் சொன்னாராம். புண் ஆறி, கட்டுப் பிரித்த பிறகு ரீத்தா கடைக்கு வந்தார். ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார். ஒவ்வொரு எட்டின் கடைசியிலும் தரையை உந்தித் தள்ளுகிற விரல் அதுதான் என்பது, அது இல்லாத ஒருவர் நடப்பதைப் பார்த்தால்தான் தெரிகிறது. இனி மூடின பூட்ஸ் போடாதீர்கள், காலை உலர்வாக வைத்திருங்கள், தினமும் இரவில் இரண்டு பாதங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் கேட்டது புதிதாக ஒரு ஜோடி பூட்ஸ்.

டாக்டர் சொன்னதையே நான் திரும்பச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "பூட்ஸ் இல்லாம மலையில கால் வைக்க ஏலாதுண்ணே. மலைக்குப் போகலைன்னா பேரை வெட்டிருவாங்க. பேர் போனா வீடு போகும். வீடு இருக்குறதுக்குத்தானே விரலைக் குடுத்தேன்" என்றார். குரலில் அழுகை இல்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்குச் சொல்கிற குரல் மாதிரி இருந்தது.

வலது காலை அளந்தேன், அதே ஆறு. இடது காலைப் பலகையில் வைத்தபோது அளவுக்கட்டையை எந்த இடத்தில் நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆறாம் நம்பர் ஜோடியை எடுத்து, இடது பூட்ஸின் முன்பக்கத்தில், விரல் இருந்த இடத்தில், மெல்லிய பஞ்சை வைத்துக் கொடுத்தேன். ஆறுதான் போட வேண்டும், ஓரம் உரசவே கூடாது என்றேன். ரீத்தா எழுந்து நின்று பார்த்தார். இடது பூட்ஸ் அவருக்குத் தொளதொளத்தது. வலது காலை ஒரு தடவை பார்த்தார், இடது காலை ஒரு தடவை பார்த்தார். பிறகு, தோட்டத்தில் வேலை முடியாததற்குத் துரை முதல் கணக்கப்பிள்ளை வரை எல்லோரும் தினமும் சொல்கிற காரணத்தையே என்னிடமும் சொன்னார்.

"எடது பக்கம் ஆள் கொறைவுண்ணே, ஒரு நம்பர் கொறைச்சுக் குடுங்க."

செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவதா என்று பெரியவர்கள் சொல்லிவைத்ததை, பதில் இல்லாத வெறும் கேள்வி என்றுதான் இத்தனை வருடமும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.